டாஹோ ரிம் டிரெய்ல்: ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் டாஹோ ஏரியைப் பார்க்காதவர்கள் குறைவு. குளிர்காலத்தில் பனியில் சறுக்கப் போவோம், கோடையில் கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்த ஏரிக்கு மேலே, மலைமுகடுகளின் வழியாக ஒரு பாதை முழுச் சுற்று சுற்றி வருகிறது என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அதற்கடுத்து வரும் கேள்விகள் எப்போதும் கிட்டத்தட்ட இவைதான்.

எவ்வளவு தூரம்? ஏரியின் சுற்றளவே அவ்வளவு இல்லையே?

கரையோரமாக அளந்தால் ஏரியின் சுற்றளவு சுமார் 72 மைல், அதாவது 116 கிலோமீட்டர். பாதையோ கரையில் போவதில்லை. ஏரியைச் சூழ்ந்த மலைகளின் முகட்டிலும் சரிவிலும் வளைந்து வளைந்து போவதால் சுமார் 165 மைல், 265 கிலோமீட்டர் என்று நீள்கிறது. பாதையை அவ்வப்போது திருத்தி அமைப்பதால் புதிய கணக்குகள் இதைவிடச் சில மைல்கள் கூடுதலாகக் காட்டும். அதற்காகக் குழம்ப வேண்டாம்.

கலிஃபோர்னியா, நெவாடா இரண்டு மாநிலங்களையும் தொட்டுச் செல்கிறது. ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,225 அடி. பாதையின் தாழ்வான இடம் டாஹோ சிட்டி என்ற சிற்றூர், கிட்டத்தட்ட ஏரி மட்டம். உயரமான இடம் ரிலே பீக், 10,338 அடி. நம் தொட்டபெட்டா 8,650 அடிதான் என்பதை நினைத்துக்கொண்டால் மூச்சு ஏன் வாங்குகிறது என்று புரியும்.

நடக்கும்போது ஏரி கண்ணிலேயே இருக்குமா?

இருக்காது. கிழக்குப் பக்கத்தில் அடிக்கடி தெரியும். ஸ்னோ வேலி சிகரத்தை ஒட்டிய திறந்த சரிவில் நின்றால், கீழே மார்லெட் ஏரி ஒரு தட்டில் ஏந்தியதுபோல் இருக்கும், அதற்கும் வெகு கீழே டாஹோ நீலமாக விரிந்து கிடக்கும். இரண்டு ஏரிகளும் ஒரே பார்வையில். என் கணக்கில் முழுச் சுற்றிலும் இதைவிட நல்ல காட்சி இல்லை. மேற்கே போனால் கதை வேறு. அங்கே கருங்கல் பாறைகளும் சின்னச் சின்ன மலை ஏரிகளும்தான் துணை, டாஹோவைப் பல மணி நேரம் பார்க்கவே முடியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஏரியைப் பார்க்கலாம், தொட முடியாது. டாஹோ சிட்டியை விட்டுக் கிளம்பினால் திரும்ப அங்கே வரும்வரை பாதை ஏரிக்கரைக்கு இறங்குவதில்லை. 1,645 அடி ஆழமுள்ள தண்ணீரைச் சுற்றி நடந்துகொண்டே குடிதண்ணீரை எண்ணி எண்ணிக் குடிக்கும் நடை இது. திட்டமிடுவதில் பாதி வேலை இதற்குத்தான்.

அப்படியானால் தண்ணீர் எங்கே கிடைக்கும்?

மேற்கிலும் தெற்கிலும் கவலையில்லை. ஓடைகள், ஏரிகள், பனி உருகி வழியும் நீர் என்று நிறைய உண்டு. வடக்கும் கிழக்கும்தான் சோதனை. மழை மேகங்கள் மேற்கிலிருந்து வந்து சியரா மலைகளில் பெரும்பாலானதைக் கொட்டிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்து கார்சன் மலைத்தொடருக்கு மிச்சம்தான்.

டாஹோ சிட்டியிலிருந்து வலஞ்சுழியாகக் கிளம்பினால் முதல் நம்பகமான நீர் வாட்சன் ஏரி, ஏறக்குறைய 12 மைல் தள்ளி. அங்கே நிரப்பிக்கொண்டால் அடுத்தது பிராக்வே சாலையைத் தாண்டி கிரே ஏரியில்தான். அதற்கும் பாதையை விட்டுச் சற்று விலகி இறங்க வேண்டும். பிறகு ரிலே பீக் ஏறி இறங்கி கலீனா அருவிப் பக்கம் வந்தால் தாராளமாகக் கிடைக்கும். டாஹோ மெடோஸ் புல்வெளியிலும் ஓடை உண்டு.

அதற்குப் பிறகுதான் உண்மையான வறட்சி. புல்வெளியிலிருந்து மார்லெட் பீக் முகாம் வரை ஒரு நீண்ட நாள் நடை. அந்த முகாமில் கையால் அடிக்கும் பம்பு ஒன்று இருக்கிறது, நம் ஊர் அடிபம்பு மாதிரியேதான். அதில் பாட்டில்களை எல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்பூனர் கணவாயைத் தாண்டி கிங்ஸ்பரி பக்கம் வரும்வரை, சுமார் 20 மைலுக்குப் பாதையில் நம்பும்படியான நீர் இல்லை. இந்தப் பகுதிக்கு ஆளுக்கு 5, 6 லிட்டர் சுமக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தோளுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பாதை நெடுஞ்சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில், நடையைத் தொடங்குமுன் காரில் போய்த் தண்ணீர் கேன்களை மறைவாக வைத்துவிட்டு வருவது. ஸ்பூனரிலும் பிராக்வேயிலும் பலர் செய்வதுதான். கேனில் பெயரும், எடுக்கப் போகும் தேதியும் எழுதுங்கள். காலி கேனை அங்கேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்தவர் வைத்த கேனைத் திறப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

எந்த நீரானாலும் ஃபில்டரில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். பளிங்கு மாதிரி இருந்தாலும் ஜியார்டியா என்ற கிருமி இருக்கக்கூடும், ஒரு வாரம் வயிற்றைக் கலக்கிவிடும்.

எத்தனை நாள் ஆகும்?

நல்ல உடல்நிலையில், பழக்கமுள்ளவர்கள் 10 முதல் 12 நாளில் முடிக்கிறார்கள். 15 நாள் என்று வைத்துக்கொண்டால் மூச்சு விட்டு, ஏரிகளில் குளித்து, நடுவில் ஒரு நாள் ஊருக்குள் இறங்கி பீட்சா சாப்பிட்டு வரலாம். வேலையில் இரண்டு வாரம் லீவு கிடைப்பது கஷ்டம்தான், தெரியும். கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை. பனி அதிகம் பெய்த ஆண்டுகளில் ஜூலையிலும் உயரமான இடங்களில் பனி கிடக்கும். ஜூலையில் கொசுத்தொல்லை உச்சம், அதிலும் மேற்குப் பக்கத்து ஏரிகளில் மாலை நேரத்தில் வாயைத் திறந்து பேச முடியாது. ஆகஸ்டில் கொசு குறையும், ஆனால் சிறு ஓடைகள் வற்றத் தொடங்கும். செப்டம்பர் முற்பகுதி எனக்குப் பிடித்தது. பகல் இதமாக இருக்கும், கூட்டம் குறைவு, இரவில் மட்டும் நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும்.

வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

சீசன் தொடக்கத்தில் போனால் டாஹோ சிட்டியிலிருந்து வலஞ்சுழி. முதலில் வடக்கு, கிழக்கு என்று பனி சீக்கிரம் உருகும் பக்கத்தை முடித்துவிடலாம், நீங்கள் சுற்றி வருவதற்குள் மேற்கே டிக்ஸ் கணவாயில் பனி குறைந்திருக்கும். வறண்ட பகுதியை உடம்பு பழகாத முதல் நாட்களிலேயே, தண்ணீர்ச் சுமையோடு நடக்க வேண்டியிருப்பது இதன் குறை. கோடை முற்றிய பிறகு என்றால் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

பர்மிட் வேண்டுமா?

முழுப் பாதைக்கும் ஒரே பர்மிட் என்று எதுவும் இல்லை. தென்மேற்கில் டெசொலேஷன் வில்டர்னஸ் என்ற காப்புக்காடு இருக்கிறது. அதற்குள் நுழைய பர்மிட் கட்டாயம், இரவு தங்குவோர் எண்ணிக்கைக்குக் கோடையில் வரம்பும் உண்டு. முழுச் சுற்றும் நடப்பவர்களுக்கு அமெரிக்க வனத்துறையின் டாஹோ அலுவலகத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. கிளம்புமுன் அவர்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கலிஃபோர்னியா பக்கத்தில் கேஸ் அடுப்பு பற்றவைக்கவே 'கேம்ப்ஃபயர் பர்மிட்' தேவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சில நிமிட வேலை. விறகு மூட்டிக் குளிர்காயும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டெசொலேஷனில் அது முழுத் தடை.

நெவாடா பக்கத்தில் பாதை மாநிலப் பூங்கா வழியே போகும்போது கண்ட இடத்தில் கூடாரம் போடக் கூடாது. மார்லெட் பீக், நார்த் கேன்யன் போன்ற குறித்த முகாம்களில்தான் தங்கலாம். மற்ற தேசிய வனப்பகுதிகளில், நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் தள்ளி, ஏற்கெனவே பலர் கூடாரம் போட்டு மண் தெரியும் இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கரடி வருமா? வந்தால் என்ன செய்வது?

டாஹோவில் இருப்பது கருங்கரடி. பெயர்தான் கருங்கரடி, பழுப்பு நிறத்திலும் இருக்கும். கிரிஸ்லி என்ற பெரிய கரடி வகை இங்கே இல்லை. கருங்கரடிக்கு உங்கள் மேல் ஆசை கிடையாது, உங்கள் தக்காளித் தொக்கின் மேல்தான். எதிரில் பார்த்தால் ஓடாமல், கையை உயர்த்திச் சத்தம் போட்டால் பெரும்பாலும் அதுவாகவே விலகிப் போய்விடும்.

டெசொலேஷனில் 2022 முதல், உணவை கரடியால் திறக்க முடியாத கேனிஸ்டரில் வைப்பது சட்டப்படி கட்டாயம். எங்கள் வட்டாரத்தில் இதற்குக் 'கரடி டப்பா' என்று பெயர். கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு சிறு டிரம் மாதிரி இருக்கும், காலியாகவே ஒரு கிலோ எடை. அந்தப் பகுதிக்கு மட்டும் என்றில்லாமல் முழுச் சுற்றுக்குமே எடுத்துப் போங்கள். உணவோடு பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம் என வாசனையுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். இரவில் அதைக் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, உருண்டு தண்ணீரில் விழாத இடத்தில் வையுங்கள்.

ஊரில் நிறுத்தும் காரிலும் உணவை விடக் கூடாது. இந்தக் கரடிகளுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன கொண்டு போவது?

கடையில் விற்கும் வெந்நீர் ஊற்றும் பொட்டலங்களில் சைவ வகைகள் இருக்கின்றன, விலைதான் கையைக் கடிக்கும். மூன்றாம் நாளே அலுத்தும்விடும். வீட்டிலேயே தயார் செய்வது நல்லது.

முதலில் ஒன்று: அரிசி, பருப்பு எடுத்துப் போகாதீர்கள். 8,500 அடி உயரத்தில் தண்ணீர் 91, 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகும்வரை காத்திருந்தால் கேஸும் தீரும், பொறுமையும் தீரும். கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஆகிவிடும் பொருட்கள்தான் சரி.

அவல்தான் ராஜா. கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, கறிவேப்பிலை, மிளகாய் எல்லாவற்றையும் வீட்டில் எண்ணெயில் தாளித்து, ஆறவைத்து, மெல்லிய அவலோடும் உப்போடும் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் அளவாக வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் மூடினால் உப்புமா. புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சைப் பொடி. வறுத்த ரவையிலும் இதே வேலையைச் செய்யலாம், ஆனால் கொஞ்சம் அடுப்பில் கிளற வேண்டும். முதல் இரண்டு நாளுக்குச் சப்பாத்தியும் தொக்கும் தாங்கும். சப்பாத்தி அடுக்கினால் டப்பாவில் இடம் பிடிக்காது. முறுக்கு அப்படியில்லை, நான்கு முறுக்கு வைத்தால் டப்பா நிறைந்துவிடும். ஆசை விடவில்லை என்றால் நொறுக்கி வையுங்கள், வயிற்றுக்குள் எப்படியும் நொறுங்கத்தான் போகிறது. கடலைமிட்டாய், பேரீச்சை, பாதாம், பருப்புப்பொடியும் சிறு பாட்டில் நெய்யும் எடைக்கு ஏற்ற பலம் தருபவை.

காலையில் காபி இல்லாமல் முடியாதவர்கள் பால் பவுடர் மறக்க வேண்டாம். டிகாஷனைப் பற்றிப் பேசி மலையில் மற்றவர்களை வதைக்கவும் வேண்டாம்.

12 நாள் சாப்பாட்டை ஒரே டப்பாவில் அடைக்க முடியாதே?

முடியாது. ஐந்து நாளுக்கு மேல் அடைப்பதே கலை. பாதை டாஹோ சிட்டிக்குள்ளேயே போகிறது, அங்கே கடைகள் உண்டு. தென்கிழக்கில் கிங்ஸ்பரியிலிருந்து சவுத் லேக் டாஹோ நகருக்கு இறங்கலாம், எல்லாம் கிடைக்கும் பெரிய ஊர் அது. நண்பர் யாராவது ஸ்பூனரிலோ தென்மேற்கில் எக்கோ ஏரிப் பக்கமோ காரில் வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போனால் அதைவிட வசதி வேறில்லை. கூடவே ஒரு டப்பா தயிர்சாதம் கேட்டுவையுங்கள்.

கழிப்பறைக்கு என்ன வழி?

யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் எல்லோருக்கும் வேண்டிய பதில். நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 200 அடி, சுமார் 70 தப்படி தள்ளிப் போய், சிறு கைக்கரண்டியால் 6 முதல் 8 அங்குலம் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். காகிதம் பயன்படுத்தினால் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும். கழுவும் பழக்கமுள்ள நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தனியாக ஒரு சிறு பாட்டில் வைத்துக்கொண்டால் காகிதச் சுமையே இல்லை. வறண்ட பகுதியில் அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஓடையில் இறங்கிக் கழுவுவது கூடவே கூடாது, கீழே ஒருவர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருப்பார். பிறகு சானிடைசர் கட்டாயம்.

இடி மின்னல் பற்றிச் சொல்கிறார்களே?

கோடையில் சில நாட்களில் மதியத்துக்குப் பிறகு மேகம் திரண்டு இடிக்கும். ரிலே பீக் முகடு, ஃப்ரீல் சிகரத்துக்கு அருகிலுள்ள மேடு, டிக்ஸ் கணவாய் மூன்றிலும் ஒதுங்க மரமோ மறைவோ இல்லை. விடிந்ததும் கிளம்பி, நண்பகலுக்குள் உயரமான இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

காட்டுத் தீ?

இதைத்தான் நான் கரடியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ மலையைத் தாண்டி டாஹோ பள்ளத்தாக்குக்குள் வந்தது. சவுத் லேக் டாஹோ நகரையே காலி செய்தார்கள். கலிஃபோர்னியாவின் தேசிய வனங்களை எல்லாம் சில வாரம் மூடியும் வைத்தார்கள். மெயர்ஸ், எக்கோ பக்கம் போகும்போது கருகிய மரங்களைப் பார்ப்பீர்கள். தீ அருகில் இல்லாவிட்டாலும் புகை வந்து ஏரியையே மறைத்துவிடும், அந்தக் காற்றில் முதுகுச் சுமையோடு நடப்பது நல்லதல்ல. கிளம்பும் வாரத்தில் காற்றுத்தரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சாலைக் கடவையும் வெளியேறும் வழி என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முகட்டில் சிக்னல் வரும், பள்ளத்தில் போய்விடும். சாட்டிலைட் மெசஞ்சர் ஒன்று கையில் இருந்தால் வீட்டிலிருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இந்தப் பாதையைப் போட்டது யார்?

வனத்துறையில் வேலை பார்த்த க்ளென் ஹாம்ப்டன் என்பவரின் யோசனை. 1981-இல் இதற்கென ஓர் அமைப்பு தொடங்கி, 1984-இல் மண்வெட்டி எடுத்து, 2001-இல் சுற்றை முடித்தார்கள். பெரும்பகுதி தொண்டர்களின் உழைப்பு. மேற்கே சுமார் 50 மைல் மட்டும், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை போகும் பசிபிக் கிரெஸ்ட் டிரெய்லோடு சேர்ந்து போகிறது.

அதற்கு வெகு முன்பே இது வாஷோ பழங்குடியினரின் கோடை நிலம். பிறகு 1859-இல் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் வெள்ளி கிடைத்தபோது சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்க டாஹோவின் காடுகளை மொட்டையடித்தார்கள். கிழக்குச் சரிவில் உங்களுக்கு நிழல் தரும் மரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வளர்ந்தவை. நீங்கள் மேலிருந்து பார்க்கும் மார்லெட் ஏரியின் தண்ணீரும் அந்தச் சுரங்க ஊருக்குத்தான் போனது.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களையும் கொஞ்ச தூரம் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மவுண்ட் ரோஸ் சாலையில் உள்ள டாஹோ மெடோஸில் காரை நிறுத்திவிட்டால், சக்கர நாற்காலியே போகக்கூடிய சிறு சுற்றுப்பாதை இருக்கிறது, ஒன்றேகால் மைல் அளவு. புல்வெளி, ஓடை, மரப்பாலம் எல்லாம் உண்டு. ஆனால் 8,500 அடிக்கு மேல். இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். அப்பா வேட்டியோடு வந்தாலும் பரவாயில்லை, ஸ்வெட்டர் மட்டும் அவசியம்.

சைக்கிள்காரர்கள் இடிப்பார்களா?

காப்புக்காடுகளிலும் பசிபிக் கிரெஸ்ட் பகுதியிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. டாஹோ மெடோஸிலிருந்து டனல் கிரீக் வரை இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் வருவார்கள். ஒற்றைப்படைத் தேதியில் அந்தப் பகுதி வருமாறு திட்டமிட்டால் நிம்மதி.

பே ஏரியாவிலிருந்து கார் இல்லாமல் வர முடியுமா?

முடியும். எமரிவில்லில் கலிஃபோர்னியா செஃபிர் ரயில் ஏறி ட்ரக்கியில் இறங்கினால், அங்கிருந்து டாஹோ சிட்டிக்குப் பேருந்து உண்டு. சுற்றுப்பாதை என்பதால் திரும்பவும் அதே ஊரில்தான் முடிப்பீர்கள், காரில் வந்தாலும் இரண்டு வண்டி தேவையில்லை.

பயிற்சி எப்படி?

பே ஏரியாவிலேயே இருக்கும் மிஷன் பீக் மலையை வாரம் ஒருமுறை, முதுகில் 12 கிலோவோடு ஏறி இறங்குங்கள். அரிசி மூட்டை வைத்துக்கொண்டு ஏறுபவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இறங்கும்போது முழங்கால் வலித்தால் ஊன்றுகோல் வாங்கிவிடுங்கள். புது ஷூவை மலையில் பழக்காதீர்கள்.

இரண்டு வாரம் லீவு இல்லை. பாதிதான் முடியும் என்றால்?

துண்டு துண்டாக நடக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். முழுப் பாதையையும் முடித்தவர்களுக்கு என்று டாஹோ ரிம் டிரெய்ல் சங்கம் '165 மைல் கிளப்' வைத்திருக்கிறது. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றோ ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்றோ அதில் நிபந்தனை கிடையாது. முதல் துண்டுக்கு மூன்று நாள் லீவு கிடைத்தால் எக்கோ ஏரியிலிருந்து பார்க்கர் கணவாய் வரை, சுமார் 32 மைல். அலோஹா ஏரி, ஃபான்டனிலிஸ் ஏரி, டிக்ஸ் கணவாய் எல்லாம் அதற்குள் வந்துவிடும், தண்ணீருக்கும் பஞ்சமில்லை. டெசொலேஷன் பர்மிட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கோடையின் சனி ஞாயிறுகளுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.